பன்னுக்கு வரி இல்லை. கிரீம் வைத்தால் 18 சதவீதம்! கோவையில் கிளம்பிய கேள்வி

சனி, ஞாயிறு வந்துவிட்டால் கோவையில் பல வீடுகளில் அடுப்புக்கு லீவு. காலையில் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. மத்தியானம் பிரியாணி, பள்ளிபாளையம் சிக்கன். பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டியில் சுடச்சுட காளான். (பேருதான் காளான், முட்டைக்கோசே அதிகம்!)

இந்த ஊர் சாப்பாட்டு பில் ஒருமுறை மத்திய மந்திரி வரைக்கும் போய்விட்டது.

11-9-2024 அன்று கொடிசியாவில் தொழில் துறையினர் கூட்டம். நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் வந்திருந்தார். அன்னபூர்ணா அதிபர் சீனிவாசன் எழுந்தார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12. பன்னுக்கு வரி கிடையாது, உள்ளே கிரீம் வைத்தால் 18 என்று அடுக்கினார். கிரீமைத் தனியாகக் கொடுங்க, நாங்களே வெச்சுக்கறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதாகவும், ஒரு குடும்பம் வந்தால் பில் போட கம்ப்யூட்டரே திணறுவதாகவும் சொன்னார். ஒரே சிரிப்பு.

அப்புறம்தான் பரபரப்பு. மந்திரியை நேரில் சந்தித்து அவர் மன்னிப்புக் கேட்ட வீடியோ வெளியே வந்தது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. வீடியோ வெளியானதற்காக அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை வருத்தம் தெரிவித்தார். கேட்டதென்னவோ கடைக்காரர் எல்லாரும் கேட்க நினைத்த கேள்விதான்!

22-9-2025 முதல் கிரீம் பன் போன்ற பேக்கரிச் சரக்குக்கு வரி 5 சதவீதம். மிக்சர், காராசேவுக்கும் அதே 5.