டயர் எங்கே மலிவு? போனிலா, பக்கத்துக் கடையிலா?

இப்பகுதியில் வழமையாக மற்றவர்களின் வியாபாரக் கணக்குகளைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த வாரம் நானே பிழையாகப் போட்ட ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். வாகனம் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு இது உதவும். வாகனம் இல்லாத, ஆனால் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவும்.

2025 ஆம் ஆண்டு ஜூலை மாதம். எனது காரின் நான்கு டயர்களும் தேய்ந்து விட்டன. டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்காகச் சிறு மேடுகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்து விட்டால், மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் பள்ளம் மட்டுமே. அதன் பிறகு மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள டயரில் இடமில்லை. நான் மாவனல்லையிலிருந்து கிழமைக்கு இரண்டு தடவை கண்டிக்குச் சரக்கெடுக்கப் போகிறவன். மழை நாளில் கடுகண்ணாவை வளைவுகளில் அப்படிப்பட்ட டயரோடு ஏறி இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீதியில் டயர் கடை வைத்திருக்கும் தம்பியோடு எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அவரிடம் விலை கேட்டேன். ஒரு டயர் 22,000 ரூபா என்றார். கடைக்குத் திரும்பி வந்து மகனிடம் சொன்னேன். அவன் போனைத் தட்டிப் பார்த்து விட்டு, "வாப்பா, இந்தா அதே சைஸ், அதே கம்பனி, 19,500 தான்" என்றான். நான்கு டயருக்கும் பத்தாயிரம் ரூபா வித்தியாசம்! பத்தாயிரம் ரூபா இலாபம் எடுக்க எனது கடையில் எவ்வளவு சாமான் விற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தம்பியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒன்லைனில் ஓடர் செய்து விட்டோம்.

முழுக் கணக்கு

நான் விட்ட முதல் பிழை, டயரின் விலையை டயரின் விலையோடு மட்டும் ஒப்பிட்டது. டயர் என்பது வாங்கி வந்து அலுமாரியில் வைக்கும் பொருளல்ல. பழையதைக் கழற்ற வேண்டும், புதியதைப் பூட்ட வேண்டும், வால்வு மாற்ற வேண்டும், பெலன்சிங் செய்ய வேண்டும், கடைசியாக எலைன்மன்ட் பார்க்க வேண்டும். தம்பி சொன்ன 22,000 ரூபாவுக்குள் எலைன்மன்ட் தவிர மற்றவை எல்லாம் அடங்கியிருந்தன. நான் அதைக் கேட்கவுமில்லை, அவர் அதைச் சொல்லவுமில்லை. ரொக்கக் காசு என்றால் 21,500 ரூபாவுக்குத் தருவதாக இருந்ததையும் பிறகுதான் அறிந்தேன்.

ஒன்லைன் கணக்கு இது: டயர் நான்கு 78,000 ரூபா. வீட்டுக்குக் கொண்டு வரும் கூலி, ஒன்றுக்கு 750 வீதம் 3,000 ரூபா. கழற்றிப் பூட்டுவதற்கு 2,000 ரூபா. பெலன்சிங் 2,400 ரூபா. வால்வு நான்கு 1,000 ரூபா. எலைன்மன்ட் 3,000 ரூபா. மொத்தம் 89,400 ரூபா.

பக்கத்துக் கடைக் கணக்கு இது: ரொக்கத்துக்கு டயர் நான்கு 86,000 ரூபா. எலைன்மன்ட் 3,000 ரூபா. மொத்தம் 89,000 ரூபா.

பத்தாயிரம் ரூபா இலாபம் என்று நினைத்தது, உண்மையில் 400 ரூபா நட்டம். இவை நான் அன்று கொடுத்த விலைகள். உங்கள் ஊரில், உங்கள் டயரில் வேறு விலையாக இருக்கும். விலையை விட்டு விட்டுக் கணக்குப் போடும் முறையைப் பாருங்கள். கடைசி ரூபா வரை இரண்டு பக்கமும் எழுதிய பின்னரே எது மலிவு என்று தெரியும்.

டயரில் எழுதியிருப்பதை வாசிப்போம்

கதை இத்தோடு முடிந்திருந்தால் 400 ரூபாவோடு போயிருக்கும். மூன்றாம் நாள் டயர்கள் வந்தன. எங்கள் பக்கத்தில் டயர் பூட்டும் மெஷின் இருப்பது தம்பியின் கடையில் மட்டும்தான். வெட்கத்தோடு அங்கேயே கொண்டு போனேன். அவர் டயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக் கொண்டே கேட்டார்: "என்ன நானா, காத்தடிக்க மட்டும்தானா இனி எங்கட கடைக்கு?"

எனக்குப் பதிலில்லை. ஆனால் அவர் வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு டயரையும் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நானா, இந்த இலக்கத்தைப் பாருங்க. பூட்டினா பிறகு திருப்பி அனுப்ப ஏலாது. முதல்ல யோசிங்க" என்றார்.

டயரின் பக்கச் சுவரில் டீ, ஓ, டீ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களோடு ஆரம்பிக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதன் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த திகதி. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். எனக்கு வந்தவற்றில் இரண்டு டயரில் 1124 என்று இருந்தது. அதாவது 2024 ஆம் ஆண்டின் 11 ஆவது வாரம். மற்ற இரண்டிலும் 2320. அதாவது 2020 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம், ஜூன் மாதத் தொடக்கம். பாவிக்காத டயர்தான், ஆனால் வயது ஐந்து!

இறப்பர் பாவிக்காமல் வைத்திருந்தாலும் காலத்தோடு இறுகும். வெயிலும் வெப்பமும் பட்டால் இன்னும் விரைவாக இறுகும். பல டயர் கம்பனிகள், ஐந்து வருடம் பாவித்த டயரை வருடா வருடம் பரிசோதிக்கும்படியும், தயாரித்த திகதியிலிருந்து பத்து வருடம் கடந்ததை, பள்ளம் இருந்தாலும், கழற்றி விடும்படியும் சொல்கின்றன. ஆகவே ஐந்து வயது டயரைப் புது விலைக்கு வாங்கினால், அதன் ஆயுளில் பாதியைக் காசு கொடுத்தும் நீங்கள் பெறவில்லை. வருடத்தில் குறைவாக ஓடும் காருக்கு இந்த நட்டம் அதிகம். பள்ளம் தேயும் முன்பே வயது முடிந்து விடும்.

அதே பக்கச் சுவரில் இன்னொரு வரிசை இருக்கிறது. எனது டயரில் அது 185/65ஆர்15 88எச். இதில் 185 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 வீதம் பக்கச் சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் அங்குல அளவு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை பாரம் தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். நாங்கள் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் பாரத்தின் இலக்கம் முக்கியம். சாமான் ஏற்றும் வேனுக்கு, அளவு சரிதானே என்று காருக்குரிய டயரைப் போனில் மலிவாகக் கண்டு வாங்குவது தவறு. கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ வாகனக் கைநூலிலோ இருக்கும் இலக்கத்துக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

நட்டம் எவ்வளவு?

விற்றவருக்குப் போன் எடுத்தோம். "பாவிக்காத புது டயர் தானே" என்றார்கள். பல தடவை பேசிய பின் பழைய திகதியுள்ள இரண்டையும் திருப்பி எடுக்கச் சம்மதித்தார்கள். அனுப்பும் கூலி 1,500 ரூபா என் தலையில். முதலில் கொடுத்த கூலியும் திரும்பவில்லை. 39,000 ரூபா எனக்கு வந்து சேர 19 நாட்கள் சென்றன. கையில் இருந்திருந்தால் அந்தக் காசு கடையில் சரக்காக ஒரு தடவை புரண்டிருக்கும்.

குறைந்த இரண்டையும் தம்பியிடம் 43,000 ரூபாவுக்கு வாங்கினேன். ஒரே அச்சில் ஒரே மாதிரியான டயர் இருக்க வேண்டும் என்பதால் ஒரு சோடி முன்னுக்கும் மற்றச் சோடி பின்னுக்கும் பூட்டினார். ஒன்லைன் டயர் இரண்டுக்கும் பூட்டுக் கூலி, பெலன்சிங், வால்வு எல்லாம் 2,700 ரூபா. எல்லாம் கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவு 92,200 ரூபா. நேரே தம்பியிடம் போயிருந்தால் 89,000 ரூபா. 3,200 ரூபா நான் கட்டிய படிப்புக் காசு.

ஒன்லைன் எப்போதும் தவறா?

அப்படிச் சொல்ல மாட்டேன். சில வேளை அதுவே சிறந்தது. கடைக் கூலி, மின்சாரம், ஆள் சம்பளம் குறைந்தவர் குறைத்து விற்க முடியும். ஊர்க் கடைகளில் கிடைக்காத அளவுகளைப் போனில் எளிதாகத் தேடிப் பிடிக்கலாம். விற்பவர் தனது கிளையிலேயே பூட்டித் தருவதாக இருந்தால், கூலியும் மிச்சம், திகதியையும் நேரில் பார்க்கலாம். ஊர்க் கடைக்காரர் எல்லோரும் எங்கள் தம்பியைப் போன்றவர்கள் என்றும் இல்லை. பழைய திகதியை மறைத்து விற்பவர்கள் வீதியிலும் இருக்கிறார்கள்.

விலை வித்தியாசத்துக்கு நேர்மையான காரணமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360 ரூபா. 40 டொலருக்கு இறக்கிய டயரின் அடக்க விலை, வரிகளைச் சேர்க்காமலே, 8,000 ரூபாவிலிருந்து 14,400 ரூபாவாகியது. பழைய சரக்கு வைத்திருந்தவரும் புதிதாக இறக்கியவரும் ஒரே டயருக்கு இரண்டு விலை சொன்னார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆகவே மலிவு விலையைக் கண்டால் ஏமாற்று என்று நினைக்கவும் வேண்டாம், அதிர்ஷ்டம் என்று பாயவும் வேண்டாம். திகதியைக் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் விலை பார்த்து மயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கார் டயர் சுமார் எட்டுக் கிலோ, இடமும் பிடிக்கும். ஆகவே அனுப்பும் கூலி அதிகம். சுங்கம் பொருளின் விலையோடு அந்தக் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்தே வரி கணக்கிடும். அதற்கு மேல் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். உத்தரவாதம் கேட்டு யாரிடம் போவது? கொள்கலனில் இறக்குபவருக்குக் கட்டுப்படியாகும், நான்கு டயர் வாங்குபவருக்குக் கட்டுப்படியாகாது.

காசு கொடுக்கும் முன் நான்கு விடயங்களை எழுத்தில் கேளுங்கள். டயரின் நான்கு இலக்கத் திகதி, முடிந்தால் படத்தோடு. பூட்டுக் கூலியும் போக்குவரத்தும் விலைக்குள் அடங்குமா? திருப்பிக் கொடுப்பதானால் எத்தனை நாளுக்குள், யாருடைய செலவில்? உத்தரவாதத்தை யார் தருவார்? ஒன்லைனாயினும் கடையாயினும் பற்றுச்சீட்டு வாங்காமல் விடாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அது இல்லாமல் எங்கு முறையிட்டாலும் வாய்ப் பேச்சுத்தான்.

கடைக்காரர்களாகிய நாம்

கடைசியாக ஒன்று. இந்தச் சம்பவத்துக்குச் சில மாதம் முன்பு ஒரு வாடிக்கையாளர் எனது மின்சாதனக் கடைக்கு வந்து, தண்ணீர் மோட்டார் ஒன்றைத் தொட்டுப் பார்த்து விட்டு, போனில் அதைவிடக் குறைந்த விலையைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அங்கேயே வாங்குங்க" என்று அனுப்பி விட்டேன். அவர் அங்கேயே வாங்கினார். எனக்குச் செய்ததைத்தான் நான் தம்பிக்குச் செய்தேன். ஆனால் தம்பி என்னை நடத்தியது போல நான் அவரை நடத்தவில்லை.

யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையது. எனது விலைக்குள் குழாய்ப் பொருத்துக்கள் இருந்தன, ஆள் அனுப்பிப் பூட்டிக் கொடுப்பது இருந்தது, பழுதானால் மாற்றிக் கொடுப்பது இருந்தது. ஒன்றையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாத சேவைக்கு வாடிக்கையாளர் எப்படி விலை கொடுப்பார்? இப்போது ஒவ்வொரு மோட்டாரின் மேலும் ஒரு அட்டை தொங்க விட்டிருக்கிறேன். பொருளின் விலை தனியாக, பூட்டும் கூலி தனியாக, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பது தனியாக. போனைக் காட்டுபவரிடம் அட்டையைக் காட்டுகிறேன். சிலர் போய் விடுகிறார்கள், பலர் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

தம்பியிடமும் அப்படி ஒரு பலகை எழுதி வைக்கச் சொன்னேன். எழுதி விட்டார். கடைசி வரியில் டயரின் திகதியைப் பார்த்து வாங்கும்படியும் சேர்த்திருக்கிறார். இதை வாசித்து முடித்ததும் நீங்களும் வெளியே போய் உங்கள் வாகனத்தின் அந்த நான்கு இலக்கங்களை ஒரு தடவை பாருங்கள். ஸ்பெயார் டயரையும் மறக்க வேண்டாம்.