சோர்வு சோம்பலன்று

காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் சொல் குழறுகிறார். பசியோடு உண்ணத் தொடங்கியவர் தாடை ஓய்ந்து பாதியில் நிறுத்துகிறார். இமைகள் தாமே சரிகின்றன. சிறிது ஓய்ந்திருந்தால் வலிமை மீள்கிறது. 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்னும் நரம்புத்தசை நோயின் இயல்பு இது. வலுவின்மை வருவதும் போவதுமாக இருப்பதால், இதனைச் சோம்பல் என்றோ பாசாங்கு என்றோ பிறர் எண்ணிவிடுகின்றனர்.

நரம்பின் ஆணையைத் தசைக்குக் கொண்டு சேர்ப்பது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள். அதனை ஏற்கும் இடங்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்குவதால், தசை இயங்க இயங்க வலுவிழக்கிறது. 1934ஆம் ஆண்டு இலண்டனின் கிரீனிச் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வாக்கர், பைசோஸ்டிக்மின் ஊசியால் இவ்வலுவின்மை தற்காலிகமாக நீங்குவதைக் கண்டறிந்தார். இன்று பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும், நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் பலருக்கு இயல்பு வாழ்வை மீட்டுத் தருகின்றன.

தசைச்சிதைவு நோய்களில் சோர்வின் காரணங்கள் வேறு. நலிந்த தசைகளுக்கு நடப்பதும் எழுவதுமே பெருமுயற்சி. இரவில் மூச்சுத்தசைகள் தளர்ந்தால், காலையில் தலைவலியும் பகலில் தூக்கமும் தோன்றும். முகமூடி வழியே காற்றளிக்கும் சுவாசக் கருவி இதற்குத் துணைபுரியும். ஆகவே, சோர்வை விதியென ஏற்காது மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும். மூச்சுத்திணறலோ விழுங்குவதில் இடரோ மிகுந்தால், சற்றும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வரவறிந்து செலவிடும் வழக்கம் உடல் வலிமைக்கும் பொருந்தும். இன்றியமையாத பணிகளை வலிமை மிகுந்த வேளையில் முடிக்கலாம். அமர்ந்தவாறே குளிக்கலாம், சமைக்கலாம். களைத்த பின்னர் அன்றி, களைப்பதற்கு முன்னரே ஓய்வு கொள்ளலாம். "நேற்று முடிந்தது, இன்று ஏன் முடியவில்லை?" என்று வினவாதிருப்பதே குடும்பத்தார் செய்யும் பேருதவி.

வங்கிக்கு வந்து வரிசையில் நிற்பதும் இத்தகையோருக்குப் பெருஞ்செலவே. எழுபது வயதைக் கடந்தோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மருத்துவச் சான்று பெற்ற நாட்பட்ட நோயாளிகளுக்கும் அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே வழங்க வங்கிகள் முயல வேண்டுமென 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. பணம் பெறுதலும் செலுத்துதலும், ஓய்வூதியர் வாழ்வுச் சான்று அளித்தலும் அவற்றுள் அடங்கும். தங்கள் இல்லத்தில் இந்நிலையில் எவரேனும் இருப்பின், கிளை அலுவலரை அணுகி இவ்வசதியைக் கேட்டறியுங்கள். அவர் சேமிக்கும் வலிமை, அன்றைய மாலைப்பொழுதைக் குடும்பத்தாருடன் உரையாடிக் கழிக்க உதவும்.