தளபதி போனார், சேட்டன் வந்தார்: ஒரு டிரேடின் கணக்கு

'தளபதி' ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு. 'சேட்டன்' சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு. 2025 நவம்பர் 15-ஆம் தேதி ஐ.பி.எல். கிரிக்கெட்டில் இந்த அறிவிப்பு வந்ததும், மாதக்கணக்கில் நடந்த விவாதம் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. "நடக்குமா, நடக்காதா" என்று இருந்த பேச்சு, "லாபமா, நட்டமா" என்று மாறியதுதான் மிச்சம்.

மற்ற மாவட்டங்களில் இது சென்னை ரசிகர்களின் உள்வீட்டுச் சண்டை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் மேற்குக் கடற்கரையின் கடைசி ஊர் நீரோடி. அதைத் தாண்டி பொழியூர், பூவார் என்று கடலோரமாகவே போனால், விழிஞ்ஞத்துக்கு முன்னால் வருகிறது சாம்சனின் ஊரான புல்லுவிளை. 1956 நவம்பர் 1-க்கு முன்பு இவையெல்லாம் ஒரே மாநிலத்தில் இருந்த ஊர்கள். நாகர்கோவிலிலிருந்து சேப்பாக்கம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள். கொல்லங்கோட்டிலோ களியக்காவிளையிலோ மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் சாம்சனைப் பக்கத்து ஊர்ப் பையன் என்று சொன்னால், அதில் மிகை ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு டிரேடை ஊர்ப் பாசத்தை வைத்தோ பழைய நன்றியை வைத்தோ எடைபோட முடியாது. சம்பளம், வயது, காலியாகும் இடம், அந்த இடத்தை நிரப்ப ஆகும் செலவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

சென்னைக்கு ஏன் இந்த அவசரம்?

2025 சீசனில் சென்னை 14 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, பத்தாவது இடத்தில் முடிந்தது. ஐந்து கோப்பை வாங்கிய அணி கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் பாதியில் விலக, 43 வயதில் தோனி மறுபடி கேப்டனானார்.

2018-இல் வயதான வீரர்களை நம்பிக் கோப்பை வென்ற அணி இது. கேலிக்கு ஆளான அதே வழி அன்று கைகொடுத்தது, 2025-இல் கைவிட்டது. தொடக்க ஓவர்களில் ரன் வரவில்லை, நடுவில் வேகம் இல்லை. சீசன் பாதியிலேயே நிர்வாகம் ரூட்டை மாற்றியது. மாற்று வீரர்களாக 17 வயது ஆயுஷ் மாத்ரே, தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் ஆகியோர் வந்தார்கள். அணியைத் திரும்பக் கட்டும் வேலை அங்கே தொடங்கிவிட்டது. தோனிக்குப் பிறகு விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

சாம்சன் கீப்பர், மேல் வரிசையில் ஆடுபவர், ஐ.பி.எல்.-இல் 4,700 ரன்னுக்கு மேல் எடுத்தவர். 2021 முதல் ராஜஸ்தானின் கேப்டனாக இருந்தவர். 2022-இல் அந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். டிரேடு நடந்தபோது அவருக்கு 31 வயது. ஜடேஜாவுக்கு 37 ஆக மூன்று வாரம் பாக்கி.

ராஜஸ்தான் ஏன் விட்டது?

அதே 2025 சீசனில் ராஜஸ்தானும் நான்கு வெற்றிதான் பெற்றது. சென்னைக்கு ஒரு படி மேலே, ஒன்பதாவது இடம். காயத்தால் சாம்சன் பல ஆட்டங்களில் ஆடவில்லை. அந்த இடைவெளியில் 14 வயது வைபவ் சூர்யவன்ஷி தொடக்க வீரராக இறங்கி, குஜராத்துக்கு எதிராக 35 பந்தில் சதம் அடித்தார். இன்னொரு முனையில் யஷஸ்வி ஜெய்ஸ்வால். கேப்டன் பொறுப்பை ரியான் பராக் பார்த்தார். சாம்சன் திரும்பி வந்தாலும் தொடக்க இடம் அவருக்குக் காலியாக இல்லை. அவரே அணியை விட்டு விலக விரும்புவதாகச் செய்திகள் வரத் தொடங்கின.

ராஜஸ்தானுக்குத் தேவை, நடு வரிசையில் நின்று ஆடவும் பந்து வீசவும் தெரிந்த ஒருவர். ஜடேஜா அங்கே புதியவரும் அல்ல. 2008-இல் ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்த இளைஞர்.

டிரேடு எப்படி நடக்கிறது?

ஐ.பி.எல்.-இல் வீரரின் சம்மதம் இல்லாமல் அவரை மாற்ற முடியாது. அவர் போக நினைத்தாலும் அணி விட வேண்டும். கடைசி வார்த்தை அணியுடையது. ஆளுக்கு ஆள் மாற்றலாம், அல்லது பணத்துக்கு வாங்கலாம். 2009-இல் ஜாகீர் கான் மும்பைக்கும் ராபின் உத்தப்பா பெங்களூருக்கும் இடம் மாறியது முதல் வகை. 2023 நவம்பரில் 15 கோடி ரூபாய் சம்பளத்தில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பை திரும்பியது இரண்டாம் வகை. பணத்துக்கு வாங்கும்போது ஓர் அணி மற்ற அணிக்குக் கொடுக்கும் மாற்றுத் தொகை ஏலப் பணத்தில் சேராது. வெளியே சொல்லவும் தேவையில்லை.

இதற்கு மேல் இரண்டு கடிவாளங்கள் உண்டு. ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அவர்களில் வெளிநாட்டினர் எட்டுப் பேர்தான். சம்பளம் மொத்தமும் ஏல வரம்புக்குள் அடங்க வேண்டும். சாம் கரன் இங்கிலாந்துக்காரர். ராஜஸ்தானின் எட்டு வெளிநாட்டு இடமும் நிரம்பியிருந்தது. ஆகவே அவர் வருவதற்காக இன்னொருவர் வெளியேற வேண்டியிருந்தது. இலங்கையின் வனிந்து ஹசரங்கவும் மகீஷ் தீக்‌ஷணவும் விடுவிக்கப்பட்டார்கள்.

பணக் கணக்கு என்ன?

சாம்சனின் சம்பளம் 18 கோடி. அதில் மாற்றம் இல்லை. சென்னையில் ஜடேஜாவும் 18 கோடிதான் வாங்கினார். ராஜஸ்தானுக்குப் போகும்போது அது 14 கோடியாகக் குறைந்தது. சாம் கரன் 2.4 கோடி.

சென்னை கையிலிருந்து இறங்கிய சம்பளச் சுமை 20.4 கோடி, ஏறியது 18 கோடி, மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தானுக்கு இறங்கியது 18 கோடி, ஏறியது 16.4 கோடி, மிச்சம் 1.6 கோடி. காகிதத்தில் இரண்டு அணிக்கும் லாபம். அந்த லாபத்துக்கான பணம் முழுவதும் ஜடேஜாவின் சம்பளத்திலிருந்து குறைந்த நான்கு கோடிதான்.

கடைசி இடத்துக்குப் பரிசு உண்டா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.-வில் உண்டு. அங்கே இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மோசமாக ஆடிய அணிக்கு முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஓர் அணி நட்சத்திரங்களை விற்று, இரண்டு மூன்று வருடம் தோற்று, இளைஞர்களைச் சேர்த்துத் திரும்ப எழலாம். டிரேடில் பெரும்பாலான வீரர்களிடம் சம்மதமும் கேட்பதில்லை. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் மேவரிக்ஸ், தன்னை முந்தைய வருடம் இறுதிச் சுற்று வரை கொண்டுபோன 25 வயது லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆண்டனி டேவிஸை வாங்கியது. ரசிகர்கள் அரங்க வாசலில் திரண்டு போராடினார்கள். பொது மேலாளர் நிகோ ஹாரிசன் நவம்பரில் பதவி இழந்தார். இடையில் மே மாதக் குலுக்கலில், வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு இருந்த அதே டல்லாஸுக்கு முதல் தேர்வு விழுந்தது. கூப்பர் ஃபிளாக் கிடைத்தார்.

ஐ.பி.எல்.-இல் அப்படி ஒரு குலுக்கல் இல்லை. பத்தாவது இடத்துக்கு வந்த அணிக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. கன்னிப்பூ சாகுபடி பொய்த்தால் கும்பப்பூவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாஞ்சில் நாட்டு விவசாயி காத்திருக்கலாம். இங்கே தோற்றுவிட்டுக் காத்திருந்தால் எதுவும் விளையாது. இருப்பவரை விடுவித்துப் பையில் பணம் சேர்ப்பது, டிரேடு செய்வது, இரண்டுதான் வழி. சென்னை இரண்டையும் செய்தது. 13 கோடி சம்பளம் வாங்கிய பதிரன, டெவான் கான்வே, ரச்சின் ரவீந்திரா ஆகியோரை விட்டது. ஐ.பி.எல்.-இலிருந்து ஓய்வு பெற்ற அஸ்வினின் 9.75 கோடியும் கைக்கு வந்தது. ஏலத்துக்குப் போகும்போது சென்னையிடம் 43.4 கோடி இருந்தது.

எந்தக் கட்சி சொல்வது சரி?

"தளபதியைக் கொடுத்துட்டு என்னத்துக்குலே கீப்பர்?" என்பது ஒரு கட்சி. அவர்கள் கையில் வலுவான சாட்சி இருக்கிறது. 2023 அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது, மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் ஜடேஜா. சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவரும் அவரே. "சேட்டன் இன்னும் அஞ்சு வருஷம் ஆடுவான் மக்கா" என்பது எதிர்க்கட்சி. அவர்கள் வயதைக் காட்டுகிறார்கள்.

இரண்டு கட்சியும் பேசாத செலவு ஒன்று இருக்கிறது. கீப்பர் கிடைத்த அதே நாளில், இடது கையால் சுழல் வீசி, கீழ் வரிசையில் அடித்து, களத்தில் பாய்ந்து பிடிக்கும் ஒருவரின் இடம் சென்னையில் காலியானது. டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் அதன் விலை தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தின் 20 வயது இடது கைச் சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரைச் சென்னை 14.2 கோடிக்கு எடுத்தது. இந்திய அணிக்கு ஆடாத வீரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. ராஜஸ்தானில் ஜடேஜா வாங்கும் சம்பளத்தைவிட அது 20 லட்சம் அதிகம். இளம் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கும் அதே 14.2 கோடி போனது.

ஆக, சென்னை ஜடேஜாவைக் கொடுத்து வாங்கியது சாம்சனை மட்டும் அல்ல. அனுபவத்துக்குப் பதிலாக வயதை வாங்கியிருக்கிறது. அதற்கான முழுத் தொகையில் பிரசாந்த் வீரின் விலையும் சேரும். சாம்சன் எத்தனை ரன் எடுத்தார், ஜடேஜா எத்தனை விக்கெட் எடுத்தார் என்று இருவரை மட்டும் நிறுத்திப் பார்த்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். ஜடேஜாவின் இடத்தில் பிரசாந்த் வீர் தேறினால் டிரேடு பலித்தது. தேறாவிட்டால் சாம்சன் எவ்வளவு அடித்தாலும் பந்துவீச்சில் அந்த ஓட்டை தெரியும்.

அதற்கான அவகாசமும் அளவானது. 2025-இல் தொடங்கிய மூன்றாண்டுச் சுற்று 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த பெரிய ஏலத்தில் எல்லா அணியும் கலைந்து, சிலர் மட்டுமே தக்கவைக்கப்படுவார்கள். இந்த டிரேடுக்கு இருப்பது 2026, 2027 என்ற இரண்டு சீசன்தான். அந்தப் பெரிய ஏலத்துக்கு முன்னால் சென்னை தரும் தக்கவைப்புப் பட்டியலில் சாம்சனும் பிரசாந்த் வீரும் இருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். எந்தக் கட்சி ஜெயித்தது என்பதை நிர்வாகமே எழுதிக் கொடுத்திருக்கும்.