கணினியும் வெண்பாவும்

எங்கள் தாடிக்கொம்பைப் பற்றிக் கணினி இயற்றிய வெண்பா ஒன்றைக் கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் கொண்டுவந்தான். போட்டிக்கு அனுப்பலாமா என்பது அவன் கேள்வி. அலகிட்டுப் பார்த்தேன். முதலடியிலேயே தளை தட்டிற்று.

ஊர்ப்பெயரைத் ‘தாடிக்’, ‘கொம்பு’ என இரு சீராக்கியிருந்தது. தாடிக் என்பது தேமா. அடுத்த சீரோ நேரசையில் தொடங்குகிறது. வெண்பாவில் மாமுன் நிரையன்றோ வரவேண்டும்! ஒரே சீராக்கினால் நாலசையாகும். அதனையும் வெண்பா ஏலாது. வகையுளியோ குற்றியலுகரச் சலுகையோ இன்றி எம்மூர்ப் பெயர் வெண்பாவில் எளிதில் நுழைவதில்லை. இளமையில் நானும் பட்ட பாடு இது.

இவ்விதிகள் கணக்குப் போன்றவை. ஆதலின் கணினிக்குக் கற்பிக்கத் தக்கவை. 2003ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலேயே வெண்பா இலக்கணத்தைக் கணினிக்குரிய சூழல்சாரா இலக்கணமாக வகுத்துக் காட்டினர். ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள் எப்பாவையும் அசை பிரித்துத் தளை கூறும்.

அங்ஙனமாயின் இக்கணினி பிழைத்தது ஏன்? இது விதியைக் கொண்டு எழுதுவதன்று. கணக்கற்ற வரிகளைப் பயின்று, அடுத்து எந்தச் சொற்றுண்டு வரக்கூடும் எனக் கணித்து எழுதுவது. அத்துண்டுகள் அசைகளும் அல்ல. ஆகவே வெண்பாவின் சாயல் வந்தது, தளை வரவில்லை.

“திருத்தித் தாருங்கள் ஐயா” என்றான். நான் யாப்பருங்கலக்காரிகையை எடுத்துக் கொடுத்தேன். நேற்று மீண்டும் வந்தான். முதலடி இப்போது அவனுடையது. மூன்றாமடியில் இன்னும் ஓரிடம் தட்டுகிறது.