கணினி ‘காணவில்லை’ என்று எழுதும்போது

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். சில வாரங்கள் கழித்து நானும் அங்கே போய் அம்மாக்களின் குரல்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினேன். முதலில் கைத்தொலைபேசியில், பிறகு கடன் வாங்கிய ரெக்கோடர் ஒன்றில். இன்று அந்தப் பதிவுகள் எல்லாம் என் அறையில், மேசைக்குக் கீழே, இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. அவற்றில் பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

அண்மையில் ஒருநாள் காலையில் கணினி அந்தப் பதிவுகளைத் திறக்க மறுத்தது. கறுப்புத் திரையில் வந்த ஆங்கில வரியில் எனக்குப் புரிந்தது ‘மிஸ்ஸிங்’ என்ற ஒரு சொல்தான். இரண்டாம் இலக்க வன்தட்டைக் காணவில்லையாம்.

பதற்றத்தில் இருந்த வன்தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கணினிக் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த விண்டோஸ் கணினியில் செருகியதும், பயன்படுத்துவதற்கு முன்னர் இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று பெட்டிச்செய்தி வந்தது. “ஃபோர்மட் பண்ணித் தரட்டோ அக்கா?” என்று தம்பி கேட்டார். அவரில் பிழை இல்லை. இயந்திரம் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இடத்தில் ஓம் என்று தலையாட்டி, கலியாணப் படங்களையும் இறந்த பிள்ளைகளின் படங்களையும் இழந்த பல பேரை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெட்டிச்செய்திக்கு ‘உங்கள் தரவு அழிந்துவிட்டது’ என்று பொருள் இல்லை. ‘இந்த வன்தட்டில் எழுதப்பட்டிருக்கும் முறையை எனக்கு வாசிக்கத் தெரியாது’ என்பதுதான் அதன் பொருள்.

என் வன்தட்டுகள் இரண்டும் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருந்தன. ‘பட்டர் எஃப்எஸ்’ என்றும் சொல்வார்கள். ஒராக்கிள் நிறுவனத்தில் வேலை செய்த கிறிஸ் மேசன் 2007இல் தொடங்கியது. 2009இல் லினக்ஸின் 2.6.29 பதிப்பில் சேர்ந்தது. நான் இதைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் ஒன்றுதான். இது ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதி வைக்கும். இரண்டு வன்தட்டுகளை ‘ரெய்ட் 1’ முறையில் இணைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒரு பிரதி பழுதடைந்தால் எண் ஒத்துவராது. உடனே மற்றப் பிரதியை வாசித்துப் பழுதைத் திருத்திவிடும்.

கணினிப் பொறியியலாளரான அண்ணா ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “பழுது வன்தட்டில எண்டு ஏன் முடிவுகட்டுறீர்? முதல்ல கேர்னலின்ட இடாப்பில என்ன இருக்கெண்டு பாப்பம்” என்றார். எங்கள் ஊரில் கேணல் என்றால் வேறு அர்த்தம். இது கேர்னல், இயங்குதளத்தின் நடுக்கரு. அது வன்தட்டுகளுக்கு ஒரு பதிவு இடாப்பு வைத்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த இடாப்பு இப்படித்தான் உருவாகிறது. ஒரு வன்தட்டைச் செருகியதும் லினக்ஸ் அதன் 64ஆவது கிலோபைட்டில் தொடங்கும் சிறிய பகுதியை வாசிக்கிறது. ‘சுப்பர் புளொக்’ என்று பெயர். வன்தட்டின் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் குடும்ப இலக்கம் ஒன்று இருக்கிறது, என் இரண்டு வன்தட்டுகளுக்கும் அது ஒன்றே. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய தனி இலக்கம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இருக்கிறது. கடைசியாக எத்தனையாவது தடவை எழுதப்பட்டது என்ற ‘தலைமுறை எண்’ இருக்கிறது. கேர்னல் குடும்ப இலக்கத்தைப் பார்த்து, அந்தக் குடும்பம் இடாப்பில் ஏற்கெனவே இருந்தால் அதன் கீழும், இல்லாவிட்டால் புதிய பக்கம் திறந்தும் பதிகிறது. குடும்பத்தில் இரண்டு பேர் என்று அட்டை சொல்லி, ஒருவர் மட்டுமே வந்திருந்தால் கோப்புகளைத் திறக்காது. வந்தவர் சொல்வதை வைத்துத்தான் வராதவரைக் காணவில்லை என்று அது அறிகிறது.

இந்த இடாப்பு எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. கணினியை நிறுத்தினால் போய்விடும். அடுத்த முறை இயக்கும்போது அட்டைகளை வாசித்துப் புதிதாக எழுதும். நிரந்தரமான ஆவணம் வன்தட்டில் இருக்கும் அட்டைதான். அதற்கும் வேறு இடங்களில் பிரதிகள் உண்டு: 64 மெகாபைட்டில் ஒன்று, வன்தட்டு போதிய அளவு பெரிதாக இருந்தால் 256 கிகாபைட்டில் இன்னொன்று. முதல் அட்டை அழிந்தாலும் அவற்றிலிருந்து மீட்கக் கருவி இருக்கிறது.

எனக்கு நடந்தது இதுதான். முதல் நாள் மாலை மின்வெட்டு. இரண்டாவது வன்தட்டு சுவர் மின்சாரத்தில் ஓடுவது, அது நின்றுவிட்டது. மடிக்கணினியும் அதிலேயே மின்சாரம் எடுக்கும் முதலாவது வன்தட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நான் கவனிக்காமல் அன்று எடுத்த பேட்டியைச் சேமித்தேன். முள்ளிவாய்க்காலில் மகனைப் பிரிந்த ஒரு தாய், நாற்பது நிமிடம் பேசியது. அது முதலாவதில் மட்டுமே எழுதப்பட்டது. மின்சாரம் திரும்பி வந்தபோது இரண்டாவதின் அடப்டர் எரிந்திருந்தது.

அண்ணா சொன்னபடி முதலாவதை மட்டும் வைத்து, வாசிக்க மட்டும் என்ற ‘ரீட் ஒன்லி’ நிலையில், ஆள் குறைந்தாலும் திற என்ற ‘டிகிரேடட்’ கட்டளையைக் கொடுத்தோம். திறந்தது. அந்தத் தாயின் குரலை முதலில் ஒரு பென் டிரைவில் போட்டேன். பிறகுதான் தேத்தண்ணி குடித்தேன்.

‘வாசிக்க மட்டும்’ என்று அவர் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் முதலாவதை மட்டும் திறந்து எழுதி, இன்னொரு நாள் இரண்டாவதை மட்டும் திறந்து எழுதினால், ஒரே குடும்ப இலக்கத்தோடு இரண்டு வெவ்வேறு வரலாறுகள் உருவாகிவிடும. பிறகு இரண்டையும் சேர்த்துச் செருகினால் இரண்டும் கெடும். தலைமுறை எண் கூடியதைக் கேர்னல் நம்பும், ஆனால் எது உண்மை என்று அதற்குத் தெரியாது.

அடுத்ததாக, வேறு எதையும் தொடுவதற்கு முன், முதலாவதை அப்படியே எழுத்துக்கு எழுத்து மூன்றாவது வன்தட்டு ஒன்றில் பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அங்கேதான் இன்னொரு பொறி இருந்தது. எழுத்துக்கு எழுத்து என்றால் அடையாள அட்டையும் சேர்ந்தே பிரதியாகும். இப்போது ஒரே இலக்கத்தில் இருவர். புதிய அடப்டர் வாங்கி இரண்டாவதைச் செருகியபோது, மூன்றாவதைக் கழற்ற மறந்துவிட்டேன். கோப்புகள் திறந்தன. ஆனால் முதலாவதின் விளக்கு அசையவில்லை. பிரதியின் விளக்கு மினுங்கியது. கேர்னல் மூலத்தை விட்டுவிட்டு, கடைசியாகப் பதிந்த பிரதியை ‘முதலாம் இலக்கம்’ என்று இடாப்பில் வைத்திருந்தது. வாசிக்க மட்டும் திறந்திருந்ததால் ஒன்றும் கெடவில்லை.

இந்தச் சிக்கல் நிரலை எழுதியவர்களுக்கும் தெரியும். பதிவு செய்யும் பகுதியில் அவர்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு குறிப்பை அண்ணா வாசித்து விளக்கினார். திறந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, தெரிந்த இலக்கத்தோடு வேறு பெயரில் ஒருவர் வந்தால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தொலைந்த அதே வன்தட்டு வேறு வாயிலால் திரும்பி வந்திருக்கலாம். அதை அனுமதிக்க வேண்டும், ஆனால் அது இல்லாத நேரத்தில் நடந்த எழுத்துகளைத் தவறவிட்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அல்லது, அதன் இடத்துக்கு வேறொருவரை வைத்த பிறகு பழையது திரும்பி வந்திருக்கலாம். அதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. ஒரு மென்பொருள் குறிப்பை வாசித்து நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

இதனால்தான் ‘மற’ என்றும் ஒரு கட்டளை இருக்கிறது, ‘ஃபொர்கெட்’ என்று. வன்தட்டைக் கழற்றிய பிறகும், அழித்து வேறு வேலைக்கு எடுத்த பிறகும், இடாப்பில் அதன் பழைய வரி தங்கியிருக்கலாம். அதை நீக்கச் சொல்லும் கட்டளை இது. வன்தட்டில் இருக்கும் ஒரு எழுத்தையும் இது தொடாது, நினைவிலிருக்கும் பதிவை மட்டுமே நீக்கும். திறந்திருக்கும் குடும்பத்தில் கையும் வைக்காது. நாங்கள் எல்லாவற்றையும் மூடி, பிரதியைக் கழற்றி, ‘மற’ என்று சொல்லி, மறுபடி ‘ஸ்கேன்’ செய்து திறந்தோம். இந்த முறை சரியான விளக்கு மினுங்கியது.

கடைசி வேலை ‘ஸ்க்ரப்’. இது ஒவ்வொரு துண்டாக வாசித்து, சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, பிழையானதை மற்ற வன்தட்டிலிருந்து திருத்தும். இரவிரவாக ஓடியது. விடிய எழும்பிப் பார்த்தபோது, இரண்டாவது வன்தட்டு தவறவிட்ட துண்டுகள் பிழை என்று கண்டுபிடிக்கப்பட்டு, எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. அந்தத் தாயின் நாற்பது நிமிடம் இப்போது இரண்டிலும் இருக்கிறது.

உங்களில் பெரும்பாலானவர்கள் லினக்ஸ் பாவிப்பதில்லை என்று தெரியும். ஆனாலும் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய சேமிப்புப் பெட்டிகள், சில நிறுவனங்கள் ஆவணங்களை வைத்திருக்கும் ‘நாஸ்’ பெட்டிகள் போன்றவற்றில் பல உள்ளே லினக்ஸில்தான் ஓடுகின்றன. சினோலொஜி பெட்டிகள் பலவற்றில் இதே பிடிஆர்எஃப்எஸ்தான். அவற்றிலிருந்து கழற்றிய வன்தட்டை விண்டோஸில் செருகினால் நான் கண்ட அதே பெட்டிச்செய்தி வரலாம். மூடிவிடுங்கள். எந்த வன்தட்டு எந்தப் பெட்டியில், எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று கழற்ற முதலே பேனையால் எழுதுங்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை அதில் எதையும் எழுதவோ, திருத்தும் மென்பொருள் என்று எதையும் ஓட்டவோ விடாதீர்கள். இரண்டு பிரதி ஒரே மேசைக்குக் கீழே இருந்தால் ஒரு பிரதி என்றுதான் கணக்கு. வெள்ளத்துக்கும் கள்ளனுக்கும் ரெய்ட் தெரியாது.

மூன்றாவது வன்தட்டு இப்போது வவுனியாவில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதன் மேல் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: ‘இது பிரதி. மூலத்தோடு சேர்த்துச் செருக வேண்டாம்.’