சொந்த வண்டி, சொந்தக் கை – 11: மலைக்குப் போகும் முன் பிரேக் பேட்

போன வாரம் ஸ்டெப்னி மாற்றக் கழற்றிய அதே முன்சக்கரத்தை இந்த வாரம் மறுபடி கழற்றுகிறோம். இம்முறை பிரேக் பேட் மாற்ற. “பிரேக்குல கை வைக்காதே, உயிர் சமாச்சாரம்” என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். நியாயமான பயம்தான். ஆனால் நம் ஊர்ச் சிறிய கார்களில் முன்பக்க டிஸ்க் பேட் மாற்ற, சக்கர நட்டுகள் போக, பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ போல்ட் கழற்றினால் போதும். புதிதாகச் செய்கிறவர் எதுவரை போகலாம், எங்கே ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் சரி.

திண்டுக்கல் வண்டிகளின் சிக்கலே தனி. வாரம் முழுக்கச் சமதளத்தில் கடைக்கும் பள்ளிக்கும் ஓடும். பிரேக்குக்குச் சூடே ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போகும். இல்லையென்றால் 18 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சிறுமலை. கீழே தெரியாத குறையெல்லாம் இறக்கத்தில் தெரியும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,000 கிலோ வரும் கார் அங்கிருந்து 1,800 மீட்டர் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் என்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை பிரேக்தான் சூடாக மாற்றியாக வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது என்ஜினின் பங்கைக் கூட்டத்தான்.

பேடில் தேயும் பகுதியான பிரேக் லைனிங் என்ற பொருளே மலைச்சரிவில் பிறந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில், சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை அடித்து வைத்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். தேய்வதற்கென்றே தனியாக ஒரு பொருள் செய்யலாமே என்று 1897-ல் அவர் தொடங்கிய தொழில்தான் ஃபெரோடோ. நம் பக்கத்துக் கதை மதுரையில் தொடங்குகிறது. 1912-ல் அங்கே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் குழுமம், பிரிட்டனின் லூகாஸோடு சேர்ந்து 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. நாம் கழற்றப்போகும் பேட் தமிழ்நாட்டிலேயே செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வேலைக்கு வருவோம். தரை சமமாக, கெட்டியாக இருக்கட்டும். மண்தரையில் ஜாக்கி புதையும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு இருபுறமும் கல் வையுங்கள். நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்கிவிட்டு, பிறகு தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்; ஸ்டாண்டு கொடுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான்.

சக்கரம் வந்ததும், டிஸ்கின் மேல் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் தெரியும். கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் அது மேலே மடங்கும். முழுதாகக் கழற்ற வேண்டிய வண்டியென்றால், அதை பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். தூசியை வாயால் ஊதுவது நம் கைக்குப் பழகிய குணம். செய்யவே கூடாது, பழைய பேடில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் பிரிக்காதீர்கள். எந்தக் கிளிப் எங்கே என்று குழம்பினால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

புது பேட் தடிமனானது. அதற்கு இடம் கொடுக்க, பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன்மேல் வைத்து சி-கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். உள்ளே போகும் பிரேக் ஆயில் மேலே டப்பாவில் ஏறும். வழிந்தால் பெயின்ட் போச்சு; அடிக்கடி பாருங்கள். காலிப்பர் சறுக்கி நகரும் பின்களுக்கு அதற்குரிய கிரீஸ் மட்டும், பேடின் முகத்தில் ஒரு பொட்டு கிரீஸும் படக்கூடாது.

எல்லாம் மாட்டியதும், என்ஜினைக் கிளப்பும் முன்பே பெடலை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். பிஸ்டனைத் தள்ளி வைத்ததால் ஏற்பட்ட இடைவெளி அது. பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டி நகரலாம். இதை மறந்தால் முதல் பள்ளத்துக்கோ பக்கத்து வீட்டுச் சுவருக்கோ போய்ச் சேருவோம். பிறகு காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைப்பதைச் சில தடவை செய்யுங்கள், இடையே ஆறவிட்டு. பேட் டிஸ்கோடு படியும். அதே நாளில் சிறுமலைக்குக் கிளம்பாதீர்கள்.

இவ்வளவு மிதித்தும் பெடல் மெத்தென்றே இருந்தால் லைனில் காற்று இருக்கிறது. நாம் நிற்க வேண்டிய இடம் இது. ஏர் எடுப்பது, ஹோஸ் மாற்றுவது, ஏபிஎஸ் வண்டியின் லைனைத் திறப்பது எல்லாம் மெக்கானிக்கின் வேலை. ஆயில் மாற்றச் சொல்வதும் அவரிடமே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரகம் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். மலையிறக்கச் சூட்டில் அது கொதித்தால் லைனில் ஆவி. பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பேட் நகராது. பேட் புதிதென்ற தைரியத்தில் பழைய ஆயிலோடு கொடைக்கானல் போவதைவிட, பாதி தேய்ந்த பேடும் புது ஆயிலுமாகப் போவது எனக்குச் சம்மதம். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் பின்சக்கர டிரம். அதைத் திறந்ததும் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பேனர் அல்ல, செல்போன் கேமரா.