மிட்டாய் இல்லாத 'கேண்டி'

மும்பைக்குப் புதிதாக வந்தவர் 'பிரீச் கேண்டி' என்ற பெயரைக் கேட்டால் மிட்டாய்க் கடையைத் தேடுவார். அங்கே இருந்ததெல்லாம் கரும்பாறையும் அலையும்தான்!

'பிரீச்' என்றால் உடைப்பு. அந்நாளில் மும்பை ஏழு தீவுகள். கம்பாலா குன்றுக்கும் வொர்லிக்கும் நடுவே இருந்த உடைப்பின் வழியாகக் கடல் உள்ளே பாய்ந்து தாழ்நிலங்களை மூழ்கடித்தது. 'கேண்டி' மராத்தியில் கணவாயைக் குறிக்கும் 'கிண்ட்' என்ற சொல்லின் திரிபு என்பர் சிலர்.

கவர்னர் வில்லியம் ஹார்ன்பி காலத்தில் அந்த உடைப்பை அடைத்துச் சுவர் எழும்பியது. 1784-ஐ ஒட்டி வேலை முடிந்தது. சுவர் சரிந்து சரிந்து விழுந்ததாம். கனவில் வந்த தேவியின் சிலையைக் கடலிலிருந்து எடுத்த பிறகே நிலைத்ததாம். நம்மவர்கள் கும்பிடும் மகாலட்சுமி கோயிலுக்குச் சொல்லப்படும் கதை இது.

அருகில் 'ஸ்காண்டல் பாயிண்ட்' என்றும் ஓர் இடம். பெயருக்கு அர்த்தம் 'வம்பு முனை'! மாலையில் காற்று வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் ஊர்வம்பு பேசிய இடமாம்.

இன்று இந்தக் கரைக்கு எதிரே கடலைத் தூர்த்துச் சாலை போட்டிருக்கிறார்கள். 2024-இல் அதில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

ஆனால் கடல் மாறவில்லை. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை நீரேற்றத்தில் இன்றும் மூழ்குகிறது. 2016 ஜனவரியில் பாந்திரா பாறையில் படம் எடுத்த இளம்பெண் கடலில் விழ, காப்பாற்றக் குதித்தவரும் மாண்டார்.

ஞாயிறன்று மாஹிமில் ரயிலேறி மகாலட்சுமியில் இறங்கும் தாராவி அன்பர்கள் நீரேற்ற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்றைய கணக்கு இன்று உதவாது.